கோடையும் சினையும்: கறவை மாடுகளின் இனப்பெருக்கத்தை வெப்ப அயர்ச்சியிலிருந்து காத்தல்

தமிழ்நாட்டில், 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 95 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் ஆகிய குளிர்நாட்டு இனங்களின் குருதி கலந்த கலப்பினப் பசுக்களும் கன்றுகளும் ஆகும். இம்மாடுகள் பெரும்பண்ணைகளில் இல்லை. வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாக, கொல்லையிலும் களத்து மேட்டிலும் சாலையோரக் கொட்டகையிலும் கட்டப்பட்டு, காலையும் மாலையும் சங்கத்தில் ஊற்றப்படும் பாலின் மூலம் குடும்பச் செலவின் ஒரு பகுதியைத் தாங்கி நிற்கின்றன. பசு பால் தர வேண்டுமானால் அது கன்று ஈன வேண்டும். உரிய காலத்தில் மீண்டும் சினையாக வேண்டும். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மாதத்துக்கு ஒரு கன்று என்பதே கறவை மாடு வளர்ப்பு கட்டுப்படியாவதற்கான கணக்கு. ஒரு சினைப்பருவம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், தவறும் ஒவ்வொரு பருவமும் மூன்று வாரத் தீவனச் செலவை வருமானத்தில் ஈடு இல்லாமல் உழவரின் தலையில் ஏற்றுகிறது.

பங்குனி முதல் ஆடி வரை மாடுகளுக்குச் சினை நிற்பதில்லை என்பது கிராமங்களில் எல்லோரும் அறிந்த செய்தி. அறிந்திருப்பதாலேயே அது தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. 'ஊசி சரியில்லை' என்று உழவரும், 'பருவம் பார்த்துச் சொல்லவில்லை' என்று கருவூட்டுநரும் ஒருவரையொருவர் குறை கூறிக்கொண்டு கோடையைக் கழிக்கின்றனர். ஆனால் கோடையில் சினை தவறுவது ஏன், எந்த நாளில், உடலின் எந்த இடத்தில் என்பவை கடந்த அரை நூற்றாண்டில் மிகத் தெளிவாக ஆராயப்பட்டுள்ளன. அந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கையில் இரண்டு உண்மைகள் மற்றெல்லாவற்றையும்விட முதன்மையாகத் தெரிகின்றன. ஒன்று, வெப்பம் செய்யும் கேட்டின் பெரும்பகுதி கருவூட்டலை ஒட்டிய ஒருசில நாட்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. மற்றொன்று, எஞ்சிய பகுதி வெயில் தணிந்த பின்னரும் வாரக்கணக்கில் தொடர்ந்து வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் கருத்தில் கொள்ளாத எந்தத் திட்டமும் செலவுக்கேற்ற பயனைத் தராது என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில் வெப்ப அயர்ச்சி என்பது இன்னதென்று வரையறுத்துக்கொள்வது தேவை. பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். இந்த வெப்பம் வெயிலிலிருந்து மட்டும் வருவதில்லை. தின்ற தீவனம் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கும்போதும், மடியில் பால் உருவாகும்போதும் உடலுக்குள்ளேயே பெருமளவு வெப்பம் பிறக்கிறது. பால் கூடக்கூட இந்த உள்வெப்பமும் கூடுகிறது. அதை மாடு தோல் வழியாகவும் வியர்வையாலும் மூச்சிரைப்பாலும் வெளியேற்றியாக வேண்டும். வெளியேற்றும் அளவைவிடச் சேரும் அளவு மிகும்போது உடல் வெப்பம் ஏறத் தொடங்குகிறது. அந்த நிலையே வெப்ப அயர்ச்சி. ஆகவே ஒரே கொட்டகையில், ஒரே வெயிலில், நாளொன்றுக்கு 15 லிட்டர் கறக்கும் பசு தவிக்கும்போது, பக்கத்தில் கட்டிய கறவை வற்றிய பசு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருப்பதில் வியப்பில்லை.

காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு இந்நிலையை அளக்க முடியாது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீடு என்ற அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. மனிதர்களுக்கென 1959-இல் உருவாக்கப்பட்ட ஒரு சூத்திரம் பின்னர் மாடுகளுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. குறியீடு 72-ஐத் தாண்டினால் கறவை மாடு அயர்ச்சிக்கு உள்ளாகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மிகுதியாகக் கறக்கும் இன்றைய பசுக்களுக்கு 68-லேயே அயர்ச்சி தொடங்கிவிடுகிறது என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. இந்தச் சூத்திரத்தைத் தமிழ்நாட்டுக் கோடைக்குப் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் விடை சிந்திக்கத்தக்கது. வேலூர்ப் பக்கத்தில் 40 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலில் குறியீடு ஏறத்தாழ 85 ஆகிறது. கடலோரத்தில் 34 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலிலோ அது 87 ஆகிறது. செய்தித்தாள்களில் கடலோரத்துக்கு 'வெயில் குறைவு' என்று அச்சாகும் அதே நாளில், கடலோரத்துப் பசு உள்நாட்டுப் பசுவைவிடக் கூடுதலாகத் துன்புறலாம் என்பது இதன் பொருள்.

இரவுகளின் பங்கும் இதில் பெரிது. பகலில் சேர்த்துக்கொண்ட வெப்பத்தை மாடு இரவில்தான் இறக்கி வைக்கிறது. இரவு வெப்பநிலை சில மணி நேரமாவது 21 டிகிரிக்குக் கீழே இறங்கும் வறண்ட நாடுகளில், பகல் எவ்வளவு கொதித்தாலும் மாடு மறுநாளுக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. தமிழ்நாட்டுக் கடலோரத்திலோ மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரி நிலவுகிறது. 28 டிகிரி வெப்பத்தோடு 80 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் அந்த விடியலிலும் குறியீடு ஏறத்தாழ 80. இந்த மாடுகளுக்கு அயர்ச்சியிலிருந்து விடுபடும் வேளை என்று ஒன்று கிடைப்பதே இல்லை. வெளிநாட்டு நூல்களின் பரிந்துரைகளை அப்படியே எடுத்து இங்கே ஒட்டுவது ஏன் பலனளிப்பதில்லை என்பதற்கு இதுவே முதற்காரணம்.

வெப்பம் இனப்பெருக்கத்தைத் தாக்கும் முதல் இடம் பருவத்தின் அறிகுறிகளே. பசுவின் சினைப்பருவம் இயல்பாக 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கிறது. அப்போது பசு அடிக்கடி கத்தும். தீவனத்தில் நாட்டம் குறையும். பால் சற்றுக் குறையும். மற்ற மாடுகள் மேலே தாவினால் விலகாமல் நிற்கும். பிறப்புறுப்பிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்த, அறுபடாமல் நீளும் கோழை வழியும். கோடையில் இந்த அறிகுறிகள் ஒவ்வொன்றாக மங்குகின்றன. சினைப்பையில் வளரும் நுண்பை, அதாவது சினைமுட்டையைத் தன்னுள் கொண்டு நீர் கோத்துப் பருக்கும் கொப்புளம், ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரைக் குறைவாகச் சுரப்பதால் பசுவின் பருவ நடத்தை தளர்கிறது. உடலில் வெப்பம் சேர்க்கும் எந்த அசைவையும் பசு தானாகவே குறைத்துக்கொள்வதும் இதனோடு சேர்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் செய்யப்பட்ட ஆய்வொன்றில், குளிர்காலப் பருவம் ஒன்றில் சராசரியாக 8.6 முறை தாவல் பதிவான இடத்தில், கோடையில் 4.5 முறைதான் பதிவாயிற்று. ஃபுளோரிடாவின் வணிகப் பண்ணை ஒன்றில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பருவங்கள் எவர் கண்ணிலும் படாமலே கடந்துபோயின.

கூட்டமாக மாடுகள் திரியும் பண்ணையிலேயே இந்நிலை என்றால், ஒற்றை மாடு ஒற்றைக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கும் கொல்லையில், தாவுவதற்கு வேறு மாடே இல்லாத இடத்தில், வெளியறிகுறி காட்டாத ஊமைப்பருவம் எத்தனை எளிதாகக் கண்ணுக்குத் தப்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும் கோடையில் பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வெளிப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிடுகிறது. காலை 8 மணிக்குச் சாணம் அள்ள வருபவர் காண்பது, இரவில் படுத்திருந்த இடத்தில் காய்ந்து மினுங்கும் கோழைத் தடமும், வால் மயிரில் ஒட்டி உலர்ந்த பசையும் மட்டுமே. அந்தத் தடத்தைக் கண்டு உடனே கணக்கிடத் தெரிந்த குடும்பத்தில் பருவம் தப்புவதில்லை. பெரும்பாலான வீடுகளில் மாட்டைப் பார்த்துக்கொள்பவர் பெண்களாகவும், கருவூட்டுநரை அழைத்துப் பேசுபவர் ஆண்களாகவும் இருப்பதால், பார்த்தவரின் சொல் உரியவரிடம் உரிய நேரத்தில் சேராமல் போவதும் உண்டு. பயிற்சி முகாம்களுக்கு ஆண்களை மட்டும் அழைக்கும் வழக்கம் மாறாதவரை இந்த இழப்பு குறையாது.

பருவம் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, கருவூட்டல் செய்யப்பட்ட பின்னும் சினை தவறுவதே இப்பொருளின் மையப் பகுதி. 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், கருவூட்டல் முடிந்த உடனே ஒரு பிரிவுக் கிடாரிகள் 21 டிகிரி வெப்ப அறையிலும், மற்றொரு பிரிவு 32 டிகிரி வெப்ப அறையிலும் 72 மணி நேரம் வைக்கப்பட்டன. முதற் பிரிவில் 48 சதவீதம் சினையாயின. இரண்டாம் பிரிவில், உடல் வெப்பம் 40 டிகிரிக்கு ஏறிய நிலையில், ஒன்றுகூடச் சினையாகவில்லை. 32 டிகிரி என்பது தமிழ்நாட்டில் கோடை நாளாகவே கருதப்படாத அளவு என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். கருப்பையின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சினைபிடிப்பு விகிதம் கருவூட்டல் நாளில் ஏறக்குறைய 13 சதவீதமும், மறுநாளில் ஏறக்குறைய 7 சதவீதமும் குறைகிறது என்று 1973-இல் வெளியான மற்றோர் ஆய்வு கணக்கிட்டது.

ஏன் அந்த ஒருசில நாட்கள் மட்டும் இவ்வளவு முதன்மை பெறுகின்றன என்னும் கேள்விக்கு 1990-களில் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடை கண்டனர். கருவூட்டலுக்கு மறுநாள் வெப்பத்துக்கு ஆட்பட்ட பசுக்களின் கருக்கள் பெருமளவில் அழிந்தன; ஆனால் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் நாட்களில் அதே வெப்பத்துக்கு ஆட்பட்ட பசுக்களின் கருக்களுக்கு அத்தகைய கேடு நேரவில்லை. கருவுற்ற முட்டை ஓர் உயிரணுவாகவும் இரண்டாகவும் இருக்கும்போது அதன் சொந்த மரபணுக்கள் இன்னும் முழுமையாக வேலை செய்யத் தொடங்குவதில்லை. தாயின் முட்டை விட்டுச்சென்ற இருப்பைக் கொண்டே அது காலம் தள்ளுகிறது. எட்டு அல்லது பதினாறு உயிரணுக்களாகப் பிரியும் கட்டத்தில், அதாவது மூன்றாவது நான்காவது நாளில்தான் கருவின் மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அதன்பின் வெப்பத்தால் சிதையும் புரதங்களைச் சீர்செய்யும் தற்காப்புப் புரதங்களையும், உயிரணுவைத் தாக்கும் வினைமிகு ஆக்ஸிஜனை முறிக்கும் பொருட்களையும் அது போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்கிறது. ஏழு நாள் வளர்ந்த கருவை வேறொரு பசுவின் கருப்பையில் வைக்கும் கருமாற்று முறை கோடையிலும் ஓரளவு வெற்றி பெறுவது இதனாலேயே. கருமாற்று முறை சிறு உழவருக்கு எட்டும் விலையில் இன்று இல்லை. ஆயினும் அது உணர்த்தும் பாடம் எல்லோருக்கும் உரியது. பருவம் தென்பட்ட நேரம் முதல் கருவூட்டலுக்குப் பின் மூன்று நாட்கள் வரை பசுவைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் அந்தப் பாடம். கோடை முழுவதும் மின்விசிறி ஓட்ட இயலாதவர்க்கும் இந்த நான்கு நாட்களில் நிழலும் நீரும் கூடுதலாகத் தர இயலும்.

இனி, தீங்கு காலந்தாழ்ந்து வெளிப்படும் செய்தி. சினைப்பையில் உறங்கிக் கிடக்கும் மிக நுண்ணிய நுண்பை ஒன்று முட்டையை வெளிவிடும் அளவுக்கு முதிரப் பல மாதங்கள் ஆகின்றன. அதன் உள்ளே நீர் கோத்து வளரும் பிற்பகுதி மட்டுமே ஏறத்தாழ 40 முதல் 50 நாட்கள். இந்த நெடும் வளர்ச்சியின் இடையே கடும் வெப்பத்தைச் சந்தித்த நுண்பையிலிருந்து வெளிவரும் முட்டை, புறத்தோற்றத்தில் குறையின்றி இருந்தாலும், கருவாக வளரும் ஆற்றலை இழந்திருக்கக்கூடும். இஸ்ரேல் நாட்டில், கோடை கழிந்து வானிலை குளிர்ந்த இலையுதிர் மாதங்களிலும் பசுக்களின் சினைபிடிப்பு உடனே மீளாததைக் கண்டு, ஆய்வாளர்கள் பழுதுற்ற நுண்பைகளைச் சினைப்பையிலிருந்து தொடர்ந்து உறிஞ்சி அகற்றிப் பார்த்தனர். அடுத்தடுத்து வந்த நுண்பைகளில் முட்டைகளின் தரம் விரைவாக உயர்ந்தது. கோடையில் கேடுற்ற நுண்பைகள் வரிசையில் காத்திருந்ததே தாமதத்துக்குக் காரணம் என்பது அதனால் உறுதியாயிற்று.

தமிழ்நாட்டின் நாட்காட்டியில் இதை வைத்துப் பார்க்கலாம். மே மாதக் கத்திரி வெயிலில் கேடுற்ற நுண்பைகள் ஆனியிலும் ஆடியிலும் முட்டையை வெளிவிடும் முறைக்கு வருகின்றன. அப்போது காற்று வீசத் தொடங்கி, மேற்கு மாவட்டங்களில் சாரலும் விழுந்து, உழவர் 'இனிச் சினை நிற்கும்' என்று நம்பிக் கருவூட்டல் செய்கிறார். மாடு மீண்டும் பருவத்துக்கு வருகிறது. வானம் குளிர்ந்தும் சினை நிற்கவில்லையென்றால் குறை மாட்டிடமோ உறைவிந்திலோதான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, நல்ல பசுக்களைச் சந்தைக்கு ஓட்டிவிடுவது அந்த மாதங்களில் நிகழ்கிறது. இரண்டு மூன்று பருவச் சுற்றுகள் பொறுத்திருந்தால் பெரும்பாலானவை தாமே தேறும். வேறு நோயில்லாத பசுவைச் சினை நிற்காத மாடு என்று ஆடியில் விற்பது அவசரமான முடிவு. ஐப்பசி வரை காத்திருப்பதற்கு அறிவியல் காரணம் உண்டு என்பதைக் கால்நடை மருத்துவர்கள் உழவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

காளையின் பக்கமும் இதே காலக்கணக்கு பொருந்துகிறது. விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்களும், அது விதைமேல் நாளத்தில் முதிர்ந்து வெளியேற மேலும் ஒன்றரை வாரமும் ஆகின்றன. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதும், வெயிலில் தளர்ந்து குளிரில் சுருங்குவதும், உள்ளே செல்லும் தமனியைக் கொடிபோல் பின்னிய சிரைகள் சூழ்ந்து குருதியை முன்கூட்டியே ஆற்றுவதும், விதைகளை உடலைவிட 4, 5 டிகிரி குளிர்ச்சியாக வைப்பதற்கான ஏற்பாடுகள். இந்த ஏற்பாடு தோற்கும் கோடையில் கெட்ட விந்தணுக்கள் இரண்டு மாதம் கழித்தே வெளிவரும். இயற்கை முறையில் காளைக்கு விடும் ஊர்களில் இதை மறத்தல் ஆகாது. செயற்கை முறை கருவூட்டலில் இந்தக் குறையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். உதகமண்டலம் போன்ற குளிர்ந்த இடத்தில் பொலிகாளைகளைப் பேணி உறைவிந்து உற்பத்தி செய்வதன் சிறப்பு அதுவே.

ஆனால் குளிர்ந்த மலையில் பக்குவமாக உறைய வைக்கப்பட்ட விந்து, சமவெளியின் வெயிலில் பசுவைச் சென்றடையும் வழியில் கெடலாம். கால் மில்லி லிட்டர் கொள்ளும் குச்சியில் அடைத்த உறைவிந்து, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் காக்கப்படுகிறது. குடுவையின் கழுத்துக்கு மேலே குச்சிகள் உள்ள குவளையை உயர்த்திக் குச்சியைத் தேடும் ஒவ்வொரு முறையும், எடுக்கப்படாத குச்சிகள் வரை வெப்பம் ஏறி இறங்குகிறது; இதனால் விந்தணுக்களின் மென்சவ்வு சிதைகிறது. எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 வினாடி வைத்து, ஈரம் போகத் துடைத்து, வெட்டி, கருவூட்டல் குழலில் ஏற்றிச் சில நிமிடங்களுக்குள் கருப்பைக் கழுத்தைக் கடந்த உடனுள்ள இடத்தில் விட வேண்டும். இருசக்கர வண்டியின் இருக்கையில் குடுவை வெயிலில் நிற்க, உலோகக் குழல் கையில் பிடிக்க முடியாத சூட்டில் கிடக்க, பசு நடு வெயிலில் கம்பத்தில் கட்டப்பட்டுத் திமிறிக்கொண்டிருக்க நடைபெறும் கருவூட்டலில், மேற்சொன்ன ஒவ்வொரு படியும் தவறுவதற்கு வாய்ப்பிருக்கிறது. வெப்பமானி இல்லாமல் விரலால் தொட்டு நீரின் சூட்டைக் கணிப்பது கோடையில் பெரும்பிழைக்கு இடமளிக்கிறது. நிழலில், காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ கருவூட்டல் செய்வதும், வேலை முடிந்த பின் பசுவை ஓட்டாமல் நிழலிலேயே இளைப்பாற விடுவதும் காசு செலவில்லாத திருத்தங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் என்ற பழைய விதி இந்த நேரங்களோடு நன்றாகவே பொருந்துகிறது.

எருமைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கருந்தோலும், எண்ணிக்கையில் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமை, வெப்பத்தைத் தணிக்க நீரையும் சேற்றையுமே நம்பியிருக்கிறது. கோடையில் எருமைகளில் ஊமைப்பருவமும் பருவமின்மையும் பசுக்களைவிட மிகுதி. குளம் குட்டைகள் வற்றிய, மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிய ஊர்களில் எருமை வளர்ப்பும் சுருங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எருமைகள் 5.18 லட்சம் மட்டுமே.

பாதுகாப்பு முறைகளுள் முதலிடம் நிழலுக்கே உரியது. இரும்புத் தகடு அல்லது சிமெண்ட் அட்டை வேய்ந்த தாழ்ந்த கொட்டகை, தமிழ்நாட்டின் கறவை மாடுகளுக்கு நேர்ந்த பெருந்துன்பங்களுள் ஒன்று. அரசு உதவியோடும் வங்கிக் கடனோடும் கட்டப்படும் கொட்டகைகளில்கூடக் கூரையின் உயரத்தையும் திசையையும் எவரும் கேட்பதில்லை. நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்த, பக்கச்சுவர் இல்லாமல் காற்று புகுந்து வெளியேறும், கூரை உயர்ந்த கொட்டகைக்குள் வெயில் நேராக விழும் நேரம் மிகக் குறைவு. தகட்டுக் கூரையின் மேற்புறம் சுண்ணாம்பு அடிப்பதும், தென்னங்கீற்றோ சோளத்தட்டையோ பரப்பி நீர் தெளிப்பதும் கீழே இறங்கும் வெப்பத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. எனினும் மரநிழலுக்கு ஈடான கூரை இல்லை. இலைகள் வெளிவிடும் நீராவி காற்றையும் குளிர்விப்பதால், வேம்பும் புங்கையும் பூவரசும் எந்தத் தகட்டையும்விட நல்ல கொட்டகையாக அமைகின்றன.

இந்த அறிவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காங்கேயம் பகுதியின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள், கிளுவை வேலி சூழ, கொழுக்கட்டைப் புல் தரையில் படர, வெள்வேல மரங்கள் இடையிடையே நிழல் தர, மழை குறைந்த நிலத்தில் ஓர் இனத்தையே பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளன. அங்கே வளரும் காங்கேயம் மாடுகளுக்குக் கோடை வெப்பம் பெருந்தடையாக இல்லாததற்கு நிலத்தின் அமைப்போடு உடலின் அமைப்பும் காரணம். திமில் உள்ள இந்திய இன மாடுகள், குட்டையான மென்மயிரும், பெரிய வியர்வைச் சுரப்பிகளும், குறைந்த உள்வெப்ப உற்பத்தியும் உடையவை. அதோடு, திமிலின மாடுகளின் கருக்களை ஆய்வுக்கூடத்தில் வெப்பத்துக்கு உட்படுத்தியபோது, ஹோல்ஸ்டீன் கருக்களைவிட அவை மிகுதியாகத் தாக்குப்பிடித்தன. தாங்கும் ஆற்றல் தோலில் மட்டுமின்றி உயிரணுவிலேயே பொதிந்திருக்கிறது என்பது அதனால் தெரிகிறது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகிய நாட்டினங்களைக் காப்பது பழம்பெருமைக்காக மட்டும் அன்று; வெப்பம் கூடிவரும் காலத்தில் அவை மரபணுக் கருவூலம். சமவெளிகளுக்கு ஜெர்சியையும் மலைப்பகுதிகளுக்கு ஃபிரீசியனையும் ஒதுக்கிய தமிழ்நாட்டு இனப்பெருக்கக் கொள்கை இவ்வகையில் அறிவார்ந்தது. கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு, கடலோரச் சமவெளியிலும் ஃபிரீசியன் குருதியை மேன்மேலும் ஏற்றிச் செல்லும் இன்றைய போக்கு அக்கொள்கையைத் தோற்கடிப்பது. பால் கூடும் அளவுக்கு உள்வெப்பமும் கூடி, சினை தவறி, கறவை நாட்கள் குறைந்தால், ஈற்றில் உழவருக்கு மிஞ்சுவது நட்டமே.

குளிர்விக்கும் கருவிகளைப் பொறுத்தவரை ஒரு பொதுவான பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். பனிபோல் நுண்துளிகளைத் தூவும் தெளிப்பான்கள் வறண்ட உள்நாட்டு மாவட்டங்களில் காற்றைக் குளிர்விக்கும். ஈரம் மிகுந்த கடலோரத்திலோ, காற்றோட்டமில்லாத கொட்டகைக்குள் அவை ஈரப்பதத்தை மேலும் ஏற்றி மாட்டின் நிலையை மோசமாக்கும். அங்கே தேவைப்படுவது, தோல்வரை நனையும்படி பெருந்துளியாக அரை நிமிடம் நீர் தெளித்து, பிறகு நாலைந்து நிமிடம் மின்விசிறியால் காற்றடித்து ஆவியாக்குவதும், இதையே அரைமணி நேரம் திரும்பத் திரும்பச் செய்வதும் ஆகும். இஸ்ரேலில் இந்த முறையில் நாளுக்குப் பலமுறை குளிர்விக்கப்பட்ட பசுக்களில் 59 சதவீதம் சினையாயின. குளிர்விக்கப்படாதவற்றில் 17 சதவீதமே சினையாயின என்று 1988-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. மின்விசிறி வாங்க இயலாத வீட்டில், காற்று வரும் திசையில் மரத்தடியில் கட்டிப் பகலில் மூன்று நான்கு முறை முதுகிலும் விலாவிலும் நீர் ஊற்றுவதும் இதே கோட்பாட்டின் எளிய வடிவமே.

தீவனமும் நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. உலர்ந்த வைக்கோல் செரிக்கும்போது பசும்புல்லைவிட மிகுதியான வெப்பம் பிறக்கிறது. தின்ற சில மணி நேரத்தில் அவ்வெப்பம் உச்சத்தை எட்டுகிறது. காலை 10 மணிக்கு வைக்கோல் தின்ற மாடு, வெளி வெயிலும் உள்வெப்பமும் ஒருசேர உச்சத்தில் நிற்கும் பிற்பகலில் சிக்கிக்கொள்கிறது. தீவனத்தின் பெரும்பகுதியை விடியற்காலையிலும் இரவிலும் கொடுத்து, பகலில் பசுந்தீவனமும் தண்ணீரும் மட்டும் தருவது நன்று. கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 80 முதல் 100 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கக்கூடும். இருவேளை வாளியில் காட்டும் கழுநீர் அதற்கு ஈடாகாது. நிழலில் வைத்த தொட்டியில் எந்நேரமும் நீர் இருக்க வேண்டும். வியர்வையோடு பொட்டாசியமும் சோடியமும் இழக்கப்படுவதால் உப்பும் தாது உப்புக் கலவையும் நாள்தோறும் தேவை. விலா அசைவை எண்ணி, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு ஓடினால் மாடு அயர்ச்சியில் இருக்கிறது என்று எவரும் அறிந்துகொள்ளலாம். இதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

இயக்குநீர் ஊசிகளின் இடம் என்ன என்பதும் கேட்கப்படும் கேள்வி. நுண்பை வளர்ச்சியைத் தூண்டும் ஊசி, ஏழு நாள் கழித்துச் சினைப்பையில் உள்ள பழைய மஞ்சள் திட்டைக் கரைக்கும் ஊசி, மேலும் இரு நாள் கழித்து முட்டையை வெளிவிடச் செய்யும் ஊசி, அதன்பின் 16 முதல் 20 மணி நேரத்தில் கருவூட்டல் என அமைந்த, 1995-இல் அறிமுகமான முறை, பருவ அறிகுறிகளைக் காணவேண்டிய தேவையையே நீக்கிவிடுகிறது. ஊமைப்பருவம் மலிந்த கோடையில் அது உண்மையான உதவி. ஆனால் அது முட்டை வெளிவரும் நேரத்தை ஒழுங்குபடுத்துகிறதே அன்றி, வெளிவந்த முட்டையின் தரத்தையோ, மறுநாள் வெப்பத்தில் கரு அழிவதையோ மாற்றுவதில்லை. நிழலும் நீரும் இல்லாத கொட்டகையில் ஊசிகளுக்குச் செலவிடும் பணம், ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீராகவே முடியும்.

இவற்றோடு, ஆண்டின் எந்த மாதங்களில் கருவூட்டுவது என்ற திட்டமும் வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை சினையாகும் பசு ஆடி முதல் கார்த்திகை வரை ஈனுகிறது. ஈன்ற இரண்டு மூன்று மாதங்களில் அதன் அடுத்த கருவூட்டல் மீண்டும் குளிர்ந்த மாதங்களிலேயே அமைகிறது. வடகிழக்குப் பருவமழையால் பசும்புல் மலியும் காலத்தில் பசு முழுக்கறவையில் இருப்பதும் இதன் மற்றொரு பயன். நிறைசினைப் பசுக்களில் சில கோடையின் கடைக்கூற்றைத் தாங்க நேரும் என்பதால் அவற்றுக்கும் நிழல் மறுக்கப்படலாகாது. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் வெப்பத்துக்கு ஆளான பசுவின் கன்று எடை குறைந்து பிறப்பதும், அது வளர்ந்து பசுவாகும்போது பால் குறைந்து தருவதும் ஃபுளோரிடா ஆய்வுகளில் உறுதியாகியுள்ளன.

இறுதியாக, கணக்கெடுக்கும் முறை மாற வேண்டும். கருவூட்டுநரின் உழைப்பு இன்றும் பெரும்பாலும் போட்ட ஊசிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. நின்ற சினைகளின் எண்ணிக்கையால் அன்று. பன்னிரண்டு இலக்க எண்ணுடைய காதுவில்லை மாடுகளுக்குப் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு கருவூட்டலும் கணினியில் பதிவாகும் இக்காலத்தில், மாவட்டவாரியாகவும் மாதவாரியாகவும் சினை நின்ற விகிதத்தைப் பிரித்தெடுத்து ஊர்ச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுவது கடினமான வேலை அன்று. கோடையின் இழப்பு எண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கு எதிரான செலவுக்கு நியாயம் பிறக்கும். கால்நடை பராமரிப்புத் துறையும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்திலேயே கூரைக்குச் சுண்ணாம்பு, கொட்டகை ஓரத்துக்கு மரக்கன்று, தொட்டிக்குத் தண்ணீர், கருவூட்டுநரின் பைக்கு ஒரு வெப்பமானி ஆகிய நான்கையும் உறுதிசெய்ய வேண்டும். வெயில் வந்தபின் தொடங்கும் எந்த வேலையும் அந்த ஆண்டின் சினைகளுக்கு உதவாது.